பாளையக்காரரா, ஜமீன்தாரா?

நெல்லைச் சீமை வரலாற்றில் இந்த இரண்டு பட்டங்களும் அடிக்கடி ஒன்றாகக் குழம்பிவிடுகின்றன. கட்டபொம்மனை ‘ஜமீன்தார்’ என்று எழுதுவது பெரும்பிழை. அவர் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டது 1799 அக்டோபர் 16. இங்கே ஜமீன் சன்னதுகள், அதாவது உரிமைப் பத்திரங்கள், வந்ததோ 1803-இல்தான்.

பாளையம் என்றால் படை தங்கும் இடம். அந்தப் படையோடு ஒரு நிலப்பகுதியையும் பொறுப்பேற்றவர் பாளையக்காரர். மதுரை நாயக்கர்கள் கொடுத்த பதவி இது. கப்பம் கட்ட வேண்டும், கூப்பிட்டால் ஆள் திரட்டிப் போருக்கு வர வேண்டும், எல்லைக்குள் களவு நடக்காமல் காக்க வேண்டும். தேசகாவல் என்ற பெயரில் தம் எல்லைக்கு வெளியே உள்ள ஊர்களிலும் காவல்வரி வாங்கினார்கள். கும்பினியோடு, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியோடு, மோதல் முற்ற இந்த வரியும் ஒரு முக்கியக் காரணம்.

ஜமீன்தார் பாரசீகச் சொல். ஜமீன் நிலம், ‘தார்’ உடையவர். தாசில்தாரில் இருப்பதும் இதே ‘தார்’தான். 1801-க்குப் பின் கோட்டைகள் இடிந்தன, ஆயுதங்கள் பறிபோயின. மிஞ்சியது நிலமும், பேஷ்குஷ் என்ற பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய நிலையான தொகையும். தவணை தவறினால் ஜமீன் ஏலத்துக்கு வரும். எட்டயபுரம் இந்த இரண்டு நிலைகளையும் பார்த்தது.

பழைய ஆவணம் கையில் கிடைத்தால் முதலில் ஆண்டைப் பாருங்கள். பிறகு காவல், கப்பம் என்று வருகிறதா, பேஷ்குஷ், சன்னது என்று வருகிறதா என்று தேடுங்கள். பட்டப்பெயரை மட்டும் நம்ப வேண்டாம். ஜமீன் ஆன பிறகும் ஊர்வழக்கில் பழைய பெயர் தொடர்ந்தது. 1948 ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீன் உரிமையும் முடிந்தது.