மெத்தோட்ரெக்சேட் மட்டும் போதாதபோது: மும்மருந்தா, ஊசியா, புதிய மாத்திரையா?

மூட்டுகளைத் தாக்கும் முடக்குவாதத்துக்கு (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) முதல் மருந்து எது என்பதில் மருத்துவர்களிடையே பெரிய சண்டை இல்லை: மெத்தோட்ரெக்சேட், வாரம் ஒருமுறை. (தினமும் விழுங்கி உயிரை விட்டவர்கள் உண்டு, சீட்டை இரண்டு முறை படியுங்கள்.) அது மட்டும் போதாதபோதுதான் வாதம் தொடங்குகிறது.

பழைய வழி, அதனுடன் சல்ஃபாசலசைனையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சேர்ப்பது. விலை குறைவு, மாத்திரைகள் ஏராளம், குமட்டலும் வரலாம். புதுமை இல்லாததால் இதை ஏழைகளின் சிகிச்சை என்று ஒதுக்குகிறவர்கள், 2013-இல் வெளியான ராகாட் ஆய்வைப் பார்க்க வேண்டும். 353 நோயாளிகளில் ஒரு பிரிவுக்கு இந்த மும்மருந்து. மற்றதற்கு மெத்தோட்ரெக்சேட்டும் எட்டனர்செப்ட் ஊசியும். 24 வாரத்தில் பலன் காணாதவர்களை எதிர்ப்பிரிவுக்கு மாற்றினார்கள். இரு பக்கமும் ஏறக்குறைய நான்கில் ஒருவர் அப்படி மாறினார். 48 வார முடிவில் மும்மருந்து ஊசிக்குச் சளைக்கவில்லை.

எட்டனர்செப்ட், அடாலிமுமாப் போன்ற ஊசிகள் டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தை முடக்குகின்றன. உறங்கும் காசநோய்க் கிருமியைச் சிறைவைத்திருப்பதிலும் அதே புரதத்துக்குப் பங்குண்டு. ஆகவே காசநோய் மலிந்த இந்தியாவில், மார்பு எக்ஸ்ரேயும், உறங்கும் காசநோயைக் காட்டும் மாண்டூ (தோல்) அல்லது இக்ரா (இரத்த) பரிசோதனையும் இல்லாமல் முதல் ஊசி போடுவது பொறுப்பற்ற செயல். அடாலிமுமாப்பின் ஒத்த உயிரிமருந்தை (மூல மருந்தைப் போலவே செயல்படும் நகல்) 2014-இல் ஜைடஸ் நிறுவனம் இங்கே கொண்டுவந்தது; அதன்பிறகும் பலருக்குச் செலவு பெரும் சுமைதான்.

டோஃபாசிடினிப் போன்ற ஜேக் தடுப்பான்கள் (அழற்சிச் சமிக்ஞையைக் கடத்தும் ஜேக் என்னும் நொதிகளைத் தடுப்பவை) மாத்திரைகள். குளிர்பெட்டியும் வேண்டாம், ஊசி பயமும் வேண்டாம். இந்த வசதியில்தான் பலர் மயங்குகிறார்கள். 50 வயதைத் தாண்டிய, இதயநோய்க்கான ஆபத்துக்காரணி ஒன்றாவது உள்ள 4,362 பேரிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளியானது. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை டோஃபாசிடினிப் எடுத்தவர்களில் 3.4 விழுக்காடு, டிஎன்எஃப் ஊசி போட்டவர்களில் 2.5. புற்றுநோய் 4.2, எதிரே 2.9. வித்தியாசம் நூற்றுக்கு ஒருவர் அளவுதான். ஆனாலும் புகைபிடிக்கும், சர்க்கரைநோய் உள்ள அறுபது வயதுக்காரருக்கு இதை நான் முதல் தேர்வாகச் சொல்லமாட்டேன். ஆரோக்கியமான இதயமுள்ள முப்பது வயதினரிடம் இந்த ஆய்வு நடக்கவில்லை. அவர்களுக்கு இந்த எண்களை அப்படியே பொருத்தக் கூடாது. அக்கி வரும் வாய்ப்பு கூடுவது மட்டும் அவர்களுக்கும் உண்டு.

அவசரம் இல்லாதவருக்கு என் வரிசை: மும்மருந்து, பிறகு ஊசி, கடைசியில் ஜேக். கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்ணுக்கு இது செல்லாது. மெத்தோட்ரெக்சேட்டையும் டோஃபாசிடினிப்பையும், கருத்தரிக்க முயல்வதற்கு எவ்வளவு காலம் முன்பு என்று மருத்துவர் சொல்கிறாரோ அப்போதே நிறுத்த வேண்டும். சல்ஃபாசலசைனையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் தொடரலாம்.