பாய்லர் ரிப்பேர் செலவை உங்கள் தலையில் கட்டுகிறார்களா? இங்கிலாந்தில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன என்பதற்காக லண்டன் ஈஸ்ட் ஹாம் பக்கம் வீடு தேடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பணத் தகராறு இன்னும் முடியவில்லை என்பதால் ஓனர், ஏஜென்ட் பெயர்களை எழுதவில்லை. ஆனால் இதே கதையை வேலையிடத்தில் வேறு சிலரும் சொல்லிக் கேட்டபிறகு, எழுதாமல் இருப்பது சரியில்லை என்று தோன்றியது.

தரைத்தளத்தில் இரண்டு படுக்கையறை வீடு. நாங்கள் இருவரும் இரண்டு பிள்ளைகளும் கோடையில் குடிபோனோம். நவம்பரில், வெந்நீர் தந்து வீட்டையும் சூடாக்குகிற கேஸ் பாய்லர் நின்றுவிட்டது. ரேடியேட்டர் எல்லாம் சில்லென்று கிடக்கிறது, குழாயில் வெந்நீரும் இல்லை. ஓனர் நம் ஊர்க்காரர்தான். போன் செய்தால், "தம்பி, அக்ரிமென்ட்ல பாருங்க, பாய்லர் ரிப்பேர் குடியிருக்கிறவங்க பொறுப்புன்னு போட்டிருக்கு" என்றார். அப்படி ஒரு வரி உண்மையிலேயே இருந்தது. ஏஜென்ட்டும் அதையே காட்டினார்.

அந்த வரி செல்லாது. இதைச் சொல்லத்தான் இந்தப் பதிவே. 1985-ஆம் ஆண்டு லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி, வீட்டைச் சூடாக்கும் அமைப்பையும் வெந்நீர் அமைப்பையும் பழுதுபார்த்து ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டியது வீட்டு உரிமையாளர். நம்மைப் போல ஆறு மாதம், ஒரு வருடம் என்று வாடகைக்கு இருப்பவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். அடுத்து வரும் 12-வது பிரிவு, ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அந்தக் கடமையை வாடகைதாரர் மேல் தள்ள முடியாது என்கிறது. நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தாலும் நிலைமை அதேதான். சென்னையில் வீடு காலி செய்யும்போது பெயிண்டிங் செலவு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நாமும் வழக்கம்தானே என்று விட்டுவிடுவோம். அந்தப் பழக்கத்தை நம்பியே இங்கே சில ஓனர்கள் நம்மவர்களிடம் இப்படி எழுதி வாங்குகிறார்கள் என்பது என் திடமான எண்ணம்.

பாய்லர் இல்லாத அந்த நாட்களில் பிள்ளைகளின் அறை காலையில் 12 டிகிரி காட்டியது. வீட்டுக்குள் குறைந்தது 18 டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. மின்சார ஹீட்டர் வாங்கி ஓட்டினோம். இங்கே மின்சாரம் யூனிட்டுக்கு கேஸைப் போல ஏறக்குறைய நான்கு மடங்கு விலை. பில்லைப் பார்த்ததும் ஓர் அறைக்கு மட்டும் ஹீட்டர், எல்லோரும் அங்கேயே படுக்கை என்று ஆனது. மற்ற அறையில் அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை படர்ந்தது, சின்னவளுக்கு இருமல் விடவே இல்லை. ஓனரிடம் படம் அனுப்பினால், "துணியை உள்ளேயே காயப்போடுறீங்க, எந்நேரமும் ஏதாவது கொதிக்குது, பூஞ்சை வராம என்ன பண்ணும்?" என்று பதில்.

இந்தப் பேச்சைக் கேட்டுத் தலைகுனிந்துவிடாதீர்கள். ராச்டேல் நகரில் 2020 டிசம்பரில் அவாப் இஷாக் என்ற இரண்டு வயதுக் குழந்தை இறந்துபோனான். வீட்டிலிருந்த பூஞ்சைதான் காரணம் என்று 2022-இல் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அந்தக் குடும்பத்திடமும் முதலில் சொல்லப்பட்டது, உங்கள் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று. அதன் பிறகு வந்த அவாப் சட்டம், அதாவது பூஞ்சை போன்ற அபாயங்களைக் குறிப்பிட்ட கெடுவுக்குள் ஓனர் சரிசெய்ய வேண்டும் என்ற விதி, சமூக வாடகை வீடுகளில் (கவுன்சில், வீட்டுவசதிச் சங்கம் போன்றவை வாடகைக்கு விடும் வீடுகள்) 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தனியார் வாடகை வீடுகளுக்கும் அதைக் கொண்டுவர 2025-இன் வாடகைதாரர் உரிமைச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள்.

அப்புறம் ஒருநாள் ஓனர் ரிப்பேருக்கு என்று ஒருவரை அனுப்பினார். கேஸ் சேஃப் அடையாள அட்டையைக் கேட்டேன், இல்லை என்றார். உள்ளே விடவில்லை. இதில் இரக்கமே காட்டாதீர்கள். கேஸ் பாய்லரில் கை வைக்கிறவர் கேஸ் சேஃப் பதிவேட்டில் இருந்தே ஆக வேண்டும். அட்டையின் பின்பக்கத்தில் எந்தெந்த வேலை செய்ய அவருக்குத் தகுதி என்பதும் இருக்கும். பாய்லரைத் தப்பாகக் கழற்றி மாட்டினால் கசியக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். தவிர, கேஸ் உள்ள வாடகை வீட்டில் ஆண்டுதோறும் ஓனர் பாதுகாப்புச் சோதனை செய்து, அந்தச் சான்றின் நகலை 28 நாட்களுக்குள் குடியிருப்பவருக்குத் தர வேண்டும். எங்களுக்கு அதைக் கண்ணில் காட்டவே இல்லை.

வேறு வழியில்லாமல் கவுன்சிலின் (உள்ளூர் நகராட்சியின்) தனியார் வாடகை வீட்டுப் பிரிவுக்கு எழுதினோம். இது பலருக்குத் தெரிவதில்லை, தெரிந்தாலும் பயப்படுகிறார்கள். 2004-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, கடுங்குளிரும் ஈரமும் பூஞ்சையும் வீட்டு அபாயங்களின் பட்டியலில் இருக்கின்றன. அபாயம் முதல் வகை, அதாவது மிகக் கடுமையானது என்று அதிகாரி மதிப்பிட்டால் கவுன்சில் நடவடிக்கை எடுத்தே ஆக வேண்டும். அதிகாரி வந்து பார்த்துவிட்டு ஓனருக்கு எழுதிய பிறகுதான் புதுப் பாய்லர் வந்தது. அதுவரை "முடியாது" என்றவர் அதே வாரத்தில் ஆள் அனுப்பினார்!

பிறகு வீட்டைக் காலி செய்தபோது, பாய்லர் செலவு என்று சொல்லி முழு டெபாசிட்டையும் பிடித்துக்கொண்டார். விசாரித்தால், டெபாசிட்டை அவர் எந்தப் பாதுகாப்புத் திட்டத்திலும் பதிவு செய்யவே இல்லை. வாங்கிய 30 நாட்களுக்குள் பதிவு செய்து விவரத்தை நமக்குத் தர வேண்டும். தவறினால் டெபாசிட்டோடு அதன் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரை நீதிமன்றம் அபராதமாக நமக்குத் தரச் சொல்லலாம். வழக்குக்கு முந்தைய கடிதம் அனுப்பிவிட்டோம். விடப்போவதில்லை.

நம் பக்கத்துக் கடமையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓனர்கள் இதில்தான் நம்மைப் பிடிப்பார்கள். நம் பெயரில் உள்ள கேஸ், மின்சார பில்லைக் கட்டுவதும், ப்ரீபெய்டு மீட்டரில் பணம் போடுவதும் நம் வேலை. ரேடியேட்டரில் காற்று அடைத்திருந்தால் திறந்துவிடுவது, சமைக்கும்போது ஃபேன் போடுவது, காற்றோட்டத் துளைகளை அடைக்காமல் இருப்பது இதெல்லாமும் அப்படித்தான். முறையாகச் சொல்லிவிட்டு ரிப்பேருக்கு வருகிறவரை உள்ளே விட வேண்டும். முக்கியமாக, பழுது என்றால் உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். வீட்டுக்குள் பழுது இருப்பது ஓனருக்குத் தெரிந்த பிறகுதான் அவருடைய பொறுப்பு தொடங்குகிறது. போனில் சொன்னதையும் உடனே ஒரு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள்.

வீடு பார்க்கும்போதே எரிசக்திச் சான்றிதழைப் பாருங்கள். விதிவிலக்குப் பதிவு இல்லாத வீட்டுக்குக் A முதல் G வரையிலான வரிசையில் குறைந்தது E தரம் வேண்டும். அரசு இணையதளத்தில் அஞ்சல் குறியீட்டைப் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எங்கள் வீட்டுச் சான்றிதழ் காலாவதியாகிக் கிடந்தது.

கோபத்தில் வாடகையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், பாக்கி விழுந்தால் அதையே காரணம் காட்டி வெளியேற்ற வழக்குப் போடுவார்கள். "புகார் கொடுத்தால் காலி பண்ணச் சொல்லிடுவேன்" என்ற மிரட்டலும் வரும், எங்களுக்கும் வந்தது. காரணமே சொல்லாமல் வெளியேற்ற உதவிய, 1988-ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டத்தின் 21-வது பிரிவு நோட்டீஸுக்கு 2026 மே 1 முதல் இங்கிலாந்தில் இடமில்லை. ஸ்காட்லாந்து, வேல்ஸ் சட்டங்கள் வேறு. அங்கே இருப்பவர்கள் தனியாக விசாரியுங்கள். இங்கிலாந்தில் இருப்பவர்கள் ஷெல்டர் அமைப்பிடமோ சிட்டிசன்ஸ் அட்வைஸிடமோ கேட்டால் இலவசமாகவே வழி சொல்வார்கள்.