நிச்சயமா, நிக்காஹா? அமெரிக்கா போக எந்த வழி

கீழக்கரையிலோ தொண்டியிலோ பெண் எடுக்கும் மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன் என்றால் இரண்டு வழி உண்டு. நிச்சயத்தோடு, வருங்கால மனைவிக்கான கே-1 விசாவில் பெண்ணை அழைப்பது ஒன்று. இங்கேயே கல்யாணம் முடித்து, மனைவியை அழைக்க ஐ-130 மனு போடுவது மற்றொன்று. மாப்பிள்ளை வெறும் கிரீன் கார்டுக்காரர் என்றால் கே-1 பேச்சே இல்லை.

கே-1இல் போனால் 90 நாளுக்குள் அங்கே கல்யாணம், அப்புறம் கிரீன் கார்டுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம். வேலை அனுமதி வரும்வரை வீட்டில்தான். இங்கே நிக்காஹை முடித்துவிட்டு, "இன்னும் பதிவு செய்யவில்லை, நிச்சயம்தான்" என்று கே-1 கேட்பவர்களும் உண்டு. கல்யாணப் போட்டோவே காட்டிக்கொடுத்துவிடும், விசா மறுக்கப்படலாம்.

ஊரைக் கூட்டிக் கல்யாணம் செய்யும் நம் பக்கத்துக்கு ஐ-130தான் சரி என்பேன். விசாவோடு இறங்கும்போதே நிரந்தர வசிப்புரிமை கிடைக்கிறது. மணமாகி 2 ஆண்டு ஆகாதவர்களுக்கு 2 ஆண்டு மட்டும் செல்லும் நிபந்தனை கிரீன் கார்டு. அது முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள், நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 மனு போட வேண்டும். ஜமாஅத் பதிவேட்டோடு நிற்காமல், தமிழ்நாட்டின் 2009 திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் சார்பதிவாளரிடமும் பதியுங்கள். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே சான்றிதழிலும் இருக்கட்டும்.

நேர்காணல் இரண்டுக்கும் பொதுவாக மும்பையில்தான், சென்னையில் அல்ல. சம்பந்தம் யார் பேசினார்கள், கல்யாணத்துக்கு யார் வந்தார்கள் என்றெல்லாம் கேட்பார்கள். இருவரும் பேசிய அழைப்புப் பதிவுகள், சேர்ந்து எடுத்த படங்கள் கையில் இருக்கட்டும்.