அரை டாக்டரா, முழு டாக்டரா: நாடாளுமன்றச் சண்டையை டெல்டாவில் வைத்துப் பார்த்தால்

மருத்துவக் கல்வியையும் மருத்துவர் தொழிலையும் கவனித்துவந்த இந்திய மருத்துவக் கவுன்சிலைக் கலைத்து, அதன் இடத்தில் புது ஆணையம் ஒன்றைக் கொண்டுவருவது தேசிய மருத்துவ ஆணைய மசோதா. 2019 ஜூலை 29 அன்று அது மக்களவையில் 260க்கு 48 என்ற கணக்கில் நிறைவேறியது. தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எம்.பி.க்கள் மூவருமே அப்போது எதிர்வரிசையில் இருந்தவர்கள். இரண்டு பேர் திமுக, ஒருவர் இந்திய கம்யூனிஸ்ட். 31ஆம் தேதி இந்திய மருத்துவ சங்கம் நாடு முழுக்க வேலைநிறுத்தம் அறிவித்தது. ஆகஸ்ட் 1 அன்று மாநிலங்களவையிலும் மசோதா தேறியது, அதிமுக வெளிநடப்பு செய்தது. அங்கே செய்த திருத்தங்களுக்கு ஒப்புதல் கேட்டு ஆகஸ்ட் 5 அன்று மறுபடி மக்களவைக்கு வந்தது. அன்றைக்குத்தான் காஷ்மீரின் 370ஆவது பிரிவு விவகாரமும். மருத்துவ மசோதாவை யார் கவனித்திருப்பார்கள்?

பழைய இந்திய மருத்துவக் கவுன்சிலுக்காகக் கண்ணீர் விட ஆளில்லை. அதன் தலைவரையே 2010ல் சி.பி.ஐ. கைது செய்திருந்தது. அதைக் கலைப்பது பற்றிப் பெரிய தகராறு எழவில்லை. அதற்குப் பதிலாக என்ன வருகிறது என்பதில்தான் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் முட்டிக்கொண்டன. முட்டலின் நடுவில் இருந்தது 32ஆவது பிரிவு.

எம்.பி.பி.எஸ். படிக்காத, ஆனால் நவீன மருத்துவத்தோடு தொடர்புள்ள வேலையில் இருப்பவருக்கு 'சமுதாய சுகாதாரப் பணியாளர்' என்று வரம்புள்ள ஓர் உரிமம் கொடுக்கலாம் என்கிறது அந்தப் பிரிவு. ஆரம்பநிலை சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட சில மருந்துகளை அவரே எழுதித் தரலாம். அதற்கு மேல் என்றால் பதிவுபெற்ற மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். இவர்களின் எண்ணிக்கை மொத்த மருத்துவர்களில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது.

அரசுத் தரப்பு சொன்னது: கிராமத்துக்கு டாக்டர் போவதில்லை, யாருமே இல்லாத இடத்தில் பயிற்சி பெற்ற ஒருவர் இருப்பது மேல். எதிர்த்தரப்பும் மருத்துவர் சங்கமும் சொன்னது: இது போலி மருத்துவத்துக்குச் சட்டம் பிடிக்கும் குடை; பட்டணத்துக்கு முழு டாக்டர், பட்டிக்காட்டுக்கு அரை டாக்டரா? இரண்டும் கேட்க நியாயமாகத்தான் இருக்கின்றன. எங்கள் பக்கம் வழக்கமாக நடக்கிற ஒன்றை வைத்து உரசிப் பார்க்கலாம்.

வரப்பில் ஒரு பாம்புக்கடி

சம்பா நடவு நேரம். இருட்டின பிறகு மடை திறந்துவிடப் போனவர் காலில் ஏதோ கடித்துவிட்டது. என்ன பாம்பு என்று அவர் பார்க்கவில்லை. மருமகன் பைக்கில் நடுவில் உட்காரவைத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருகிறார். முழங்காலுக்குக் கீழே துண்டால் இறுக்கிக் கட்டியிருக்கிறது. "யாரு மாமா இப்படி இறுக்கிக் கட்டுனது?" என்று செவிலியர் ஒரு சத்தம் போடுவார். அப்புறம் வேலை ஆரம்பிக்கும்.

காய்ந்த, சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஆட்டாமல் அசைக்காமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். பிறகு குழாயைச் சாய்த்தால் ரத்தம் உறைந்து நிற்க வேண்டும். தண்ணீராக ஓடினால் கண்ணாடி விரியன் வகை விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்று அர்த்தம். ரத்தம் உறைந்துவிட்டது என்பதற்காக ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடவும் முடியாது. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைப் பிடிக்கும் ரகம். இமை சொருகுகிறதா, பேச்சு குழறுகிறதா, எச்சில் விழுங்க முடிகிறதா என்று விடிய விடியப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் பெரிதாக வலியோ வீக்கமோ இருக்காது என்பது கூடுதல் தலைவலி. விஷமுறிவு மருந்து ஏற்றினால் ஒவ்வாமை வந்து ரத்த அழுத்தம் சரியலாம். அட்ரினலின் ஊசி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மூச்சு திணறினால் செயற்கை சுவாசம் கொடுத்துக்கொண்டே 108ல் தஞ்சாவூருக்கோ திருவாரூருக்கோ அனுப்ப வேண்டும்.

இந்த வேலைகளை அரசு சொன்ன உரிமக்காரர் செய்வாரா? குழாயில் ரத்தம் பிடிப்பதும் இமையைக் கவனிப்பதும் பயிற்சி இருந்தால் யாருக்கும் வரும். மருந்து ஏற்றி, நடுவில் ஆள் சரிந்தால் தூக்கி நிறுத்துவது 'ஆரம்பநிலை சிகிச்சை, நோய்த்தடுப்பு' என்ற வரம்புக்குள் வராது. மேற்பார்வை மருத்துவர் வேண்டும். அவர் எங்கே? சட்டம் அந்த இடத்தில் பேசாமல் போய்விடுகிறது. டாக்டர் இல்லாத ஊருக்கென்று கொண்டுவந்த ஏற்பாடு, ஆள் சாகக் கிடக்கிற நேரத்தில் டாக்டரைக் கூப்பிடச் சொல்கிறது.

எதிர்க்கட்சி சொன்ன வழி இதைவிட நேர்மையானதா என்றால், அதிலும் ஓட்டை உண்டு. 'முழு டாக்டர் மட்டுமே' என்று டெல்லியில் முழங்கியவர்கள் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தை ராத்திரி பத்து மணிக்கு எட்டிப் பார்த்திருக்க வேண்டும். மூன்று செவிலியர்களை மாற்றி மாற்றிப் போட்டு 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கும் முறை இங்கே பல வருஷமாக ஓடுகிறது. டாக்டர் போனில் இருப்பார், தேவையென்றால் வருவார். கிராம சுகாதார செவிலியர் இல்லாவிட்டால் தடுப்பூசியே இல்லை. 2021 ஆகஸ்டில் வந்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருவது மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள். மருத்துவர் அல்லாதவர் தோளில்தான் பாதி பாரம். இதைச் சொன்னால் வாதத்தின் காரம் குறைந்துவிடும் என்பதால் சொல்லவில்லை போலிருக்கிறது.

அதைவிட வேடிக்கை, அதே மத்திய அரசு 2018லேயே ஆயுஷ்மான் பாரத் திட்டத்தில் நலவாழ்வு மையங்களை அறிவித்து, செவிலியர்களுக்கு ஆறு மாதப் பயிற்சி கொடுத்து அங்கே உட்காரவைக்க ஆரம்பித்திருந்தது. தமிழ்நாடும் துணை சுகாதார நிலையங்களில் 'இடைநிலை சுகாதாரப் பணியாளர்' என்று செவிலியர்களை நியமித்தது. புது உரிமமும் இல்லை, மக்களவையில் ஓட்டெடுப்பும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. அவையில் ரத்தம் கொதிக்கச் சண்டை போட்ட விஷயத்தின் சாயல், திட்டம் என்ற பெயரில் பின்வாசல் வழியாக ஏற்கெனவே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

மூன்றாவது வழி

சரி, முழு டாக்டர் எப்படிக் கிராமத்துக்கு வருவார்? இதற்கு டெல்லியின் இரண்டு தரப்பிலும் உருப்படியான பதிலை நான் பார்க்கவில்லை. தமிழ்நாட்டில் பதில் இருந்தது: மேற்படிப்பு. அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் மாநில இடங்களில் 50 சதவீதம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் சில வருஷம் வேலை பார்த்தால் எம்.டி., எம்.எஸ். கிடைக்க வழி பிறக்கும். படித்து முடித்ததும் அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரவேண்டும் என்று பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி மாதிரி ஊர்களின் அரசு மருத்துவமனையில் மயக்க மருத்துவரும் மகப்பேறு நிபுணரும் இருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு இருக்கிறது. சேவை மனப்பான்மை என்று பிரசங்கம் செய்வதைவிட எம்.டி. இடம் நன்றாக வேலை செய்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

இந்த ஏற்பாட்டின் மேல்தான் மத்திய விதிகள் கை வைத்தன. மருத்துவக் கவுன்சிலின் முதுநிலை விதிமுறையைக் காட்டி, எம்.டி., எம்.எஸ். பட்டப் படிப்பில் ஒதுக்கீடு கிடையாது, கடினமான பகுதியில் வேலை பார்த்தவர்களுக்கு மதிப்பெண் சலுகை மட்டும்தான் என்று 2017ல் நிலைமை மாறியது. அரசு மருத்துவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, பணியில் உள்ள மருத்துவர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. உயர் சிறப்புப் படிப்புகளுக்கும் 2022 மார்ச்சில் அதே நீதிமன்றம் வழிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் 2019ல் ஒரு புதுச் சட்டமே போட்டார்களே, அந்த ஒதுக்கீட்டைப் பாதுகாத்து அதில் ஒரு வரி எழுதியிருந்தால் என்ன?

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என் ஓட்டு இந்த மூன்றாவது வழிக்கே. 32ஆவது பிரிவை அடியோடு தூக்கிப் போடவும் நான் சொல்லமாட்டேன். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். இங்கே அது தேவைப்படவில்லை. டாக்டர் வாசனையே இல்லாத மாவட்டங்கள் வடக்கே இருக்கின்றன, அங்கே அது உதவலாம். ஒரே அளவுச் சட்டையை எல்லோருக்கும் தைத்ததுதான் கோளாறு.

நீட் பற்றிச் சுருக்கமாக

இதைப் பேசிப் பேசி எல்லோருக்கும் அலுத்துவிட்டது. 2006ல் தமிழ்நாடு நுழைவுத் தேர்வை ஒழித்தது. 2016ல் நாடாளுமன்றம் மருத்துவக் கவுன்சில் சட்டத்தைத் திருத்தி நீட்டைச் சட்டமாக்கியது. விலக்கு கேட்டு 2017லும் 2021லும் சட்டமன்றம் மசோதா நிறைவேற்றியது. இரண்டுக்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரிகள் ஆளுக்கொரு தேர்வு வைத்துச் சீட்டு விற்றதை அடக்கியது என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோச்சிங்குக்குக் காசு கட்ட முடிந்தவர் முந்துகிறார் என்ற வாதத்தில் அதைவிட அதிகம் இருக்கிறது. நீட்டுக்கான முதல் அறிவிக்கை 2010 டிசம்பரில் வந்தபோது டெல்லியில் காங்கிரஸ் கூட்டணி ஆட்சி, அதில் திமுகவும் பங்கு என்பதை அதிமுக ஞாபகப்படுத்தத் தவறுவதே இல்லை. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020ல் வந்தது அதிமுக ஆட்சியில் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பள்ளியில் படித்த பிள்ளை டாக்டரானால் ஊர்ப் பக்கம் வேலை பார்க்கத் தயங்காது என்பது என் எண்ணம்.

காப்பீட்டு அட்டை

2018 செப்டம்பரில் வந்த பிரதமர் காப்பீடு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை. தமிழ்நாட்டில் 2009லேயே கலைஞர் பெயரில் ஒன்று, 2012ல் முதலமைச்சர் பெயரில் ஒன்று வந்து, பிறகு பிரதமர் திட்டத்தோடு சேர்க்கப்பட்டது. யார் படம் போடுவது என்பதில் இருக்கிற சண்டை, எதற்குக் காசு வரும் என்பதில் இல்லை. அட்டை என்பது படுத்து வைத்தியம் பார்ப்பதற்கு. மாதா மாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்கு உதவாது. பாம்பு கடித்த இடத்துக்குப் பக்கத்தில் மருந்து ஸ்டாக் இருக்கிறதா என்பதை அட்டை தீர்மானிக்காது. அதற்கு 1994ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் மாதிரி வாங்கிச் சேர்த்து அனுப்புகிற ஓர் அமைப்பு வேண்டும். அட்டையும் வேண்டும், கிடங்கும் வேண்டும். ஒன்றைச் சொல்லத்தான் வேண்டுமென்றால் கிடங்கு.

புது ஆணையம் வந்த பிறகு டெல்டாவை நேராகத் தொட்டது 2023 ஆகஸ்ட் அறிவிக்கை. பத்து லட்சம் மக்கள்தொகைக்கு 100 எம்.பி.பி.எஸ். இடம், அதற்கு மேல் புது இடம் கிடையாது என்றார்கள். தமிழ்நாடு அந்த வரம்பை எப்போதோ தாண்டிவிட்டது. தென் மாநிலங்கள் எதிர்த்ததால் அந்த வருஷமே ஒத்திவைத்தார்கள். 1959ல் தஞ்சாவூர், 2010ல் திருவாரூர், 2022ல் நாகைக்கு ஒரத்தூர் என்று மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. 2020 டிசம்பரில் தனி மாவட்டமான மயிலாடுதுறை மட்டும் அரசு மருத்துவக் கல்லூரிக்குக் காத்திருக்கிறது. ஒத்திவைத்த விதி திரும்பி வந்தால் அந்தக் கதவு சாத்திக்கொள்ளும். அரை டாக்டர் விவாதத்தில் தொண்டை வற்றப் பேசிய கட்சிகள் இந்த விதியையும், பணியில் உள்ள மருத்துவர்களின் ஒதுக்கீட்டையும் திருத்த மசோதாவாக எழுதிக் கொண்டுவரட்டும். அப்போது எந்த எம்.பி. எந்தப் பக்கம் கை தூக்குகிறார் என்று பார்த்துக்கொள்ளலாம்.