திக்‌ஷா பாடமா, குறுவள மையக் கூட்டமா?

2019-இல் மத்திய அரசு தொடங்கிய நிஷ்தா ஆசிரியர் பயிற்சி முதலில் நேரில்தான் நடந்தது. கொரோனா வந்தபின், 2020 அக்டோபரில், திக்‌ஷா என்ற அரசு இணையக் கல்வித் தளத்தில் 18 பாடங்களாக இணையத்துக்கு மாறியது.

திக்‌ஷாவில் நேரம் நம் கையில். இரவில், வேலை முடிந்தபின் பார்க்கலாம், புரியாத இடத்தைத் திரும்ப ஓட்டலாம். மலைக்கிராம ஆசிரியர் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். சிக்னல் மட்டும் கிடைக்க வேண்டும். ஆனால், பார்த்ததை வகுப்பில் செய்து பார்த்தீர்களா என்று கேட்க அங்கே ஆளில்லை.

அக்கம்பக்கப் பள்ளி ஆசிரியர்கள் நேரில் கூடும் குறுவள மையத்தில் அந்தக் கேள்வி தானாக வரும். "மூன்றாம் வகுப்புக்குக் கடன் வாங்கிக் கழிக்கிறது ஏறவே மாட்டேங்குது சார்" என்பார் ஒருவர். பக்கத்துப் பள்ளி டீச்சர் பத்துப் பத்தாகக் கட்டிய தீக்குச்சிகளை எடுத்து, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டுவார். பத்து நிமிடம்தான். என்னைக் கேட்டால், பயிற்சியின் உயிரே அதில்தான் இருக்கிறது. நாள் முழுக்க ஒருவரே ஸ்லைடு வாசிப்பதென்றால், அதை வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

அதனால் விளக்கத்தைத் திக்‌ஷாவுக்கு விட்டுவிட்டு, கூடும் நாளை மாணவர் நோட்டுகளை விரித்துவைத்துப் பேசவும், செய்து பார்க்கவும் வைத்துக்கொள்வதே நல்லது. இடைப்பட்ட நாள்களின் சந்தேகங்களுக்கு வாட்ஸ்அப் குழு போதும்.