‘லினக்ஸ்ல இந்தக் கார்டு அப்படித்தான்’ என்று கடையில் சொன்னால் நம்பிவிடாதீர்கள்

கோலாலம்பூரில் பழைய கணினி உறுப்புகள் விற்கும் ஒரு கடையில், செந்தூல் மாணவர் ஒருவர் 280 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 4 ஜிபி’ என்ற கிராஃபிக் கார்டை வாங்கினார். பெட்டியில் அதே பெயர். கணினியைத் தட்டியதும் வரும் முதல் திரையிலும் அதே பெயர். உபுண்டு என்ற லினக்ஸில், கார்டின் சில்லைச் செய்யும் என்விடியாவின் 580 டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருள்) போட்டதும் திரை 1024-க்கு 768-இல் நின்றுவிட்டது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், லினக்ஸில் இந்தக் கார்டு அப்படித்தான், விண்டோஸ் போட்டுக் கூட வந்த சிடியைப் போடு என்றார்கள். அதோடு ‘டிரைவர் செட்டிங்’ என்று இன்னொரு 80 வெள்ளி. அந்தக் காசுக்குச் செய்த வேலை, கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப் அமைப்பில் ‘நோமோட்செட்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தது மட்டும்தான்.

அந்தக் கார்டு உண்மையில் 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கார்டுக்குள்ளேயே இருக்கும் பயாஸ் மென்பொருளில் பெயரை மாற்றி எழுதி, 2016-இல் வந்த 1050 டிஐ என்று தலையில் கட்டிவிட்டார்கள். 768 கோர் (கணக்கிடும் அலகு) என்று காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது 192 கோர். இப்படி விற்கும் கார்டுகளோடு வரும் சிடியில் திருத்திய விண்டோஸ் டிரைவர் இருக்கும். விண்டோஸ் போடச் சொல்வது அதற்குத்தான்.

லினக்ஸில் அந்த வேடம் கலைந்துவிடும். 550 டிஐயில் இருப்பது ஃபெர்மி தலைமுறைச் சில்லு. அதற்கான டிரைவர் 390 வரிசையோடு முடிந்தது. 580 அதைத் தொடாது. ஆனால் 580-ஐ நிறுவும்போதே, லினக்ஸோடு கூடவே வரும் நூவோ டிரைவர் தடுக்கப்பட்டுவிடும். இரண்டும் இல்லாமல் போனால் பிராசசரே திரையை வரைய வேண்டும். தெளிவு குறைவதும் வீடியோ விக்குவதும் அதனால்தான். நோமோட்செட் இதைச் சரிசெய்யாது. நூவோ திரும்பி வரும் வழியையும் அது அடைத்துவிடும்.

கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். அசல் கார்டிலும் இதே அறிகுறி வரலாம். ஒன்று, கையொப்பம் சரியில்லாத டிரைவரைத் தடுக்கும் செக்யூர் பூட். ‘மோக்யூடில்’ கட்டளையில் அது இயங்குவதாகக் காட்டி, டிரைவரை ஏற்றும்போது சாவி மறுக்கப்பட்டதாகப் பிழை வந்தால், கையொப்பச் சாவி பதிவாகவில்லை என்று பொருள். அந்தச் சாவியைப் பதிய, மறுதொடக்கத்தில் வரும் நீலத் திரை சில நொடிகளே காத்திருக்கும். அதைத் தவறவிட்டவர்கள் சாவிப் பதிவை மறுபடி தொடங்கி, ‘என்ரோல் எம்ஓகே’ தேர்ந்து, அப்படித் தொடங்கும்போது வைத்த கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். மற்றொன்று, டிரைவர் வரிசை. அசல் 1050 டிஐக்கும் 580தான் கடைசி. அதற்கு மேல் போட்டுவிட்டுச் சண்டைக்குப் போகக் கூடாது.

இவை சரியென்றால் கார்டைச் சோதியுங்கள். ‘எல்எஸ்பிசிஐ’ கட்டளையோடு கோடு போட்டு இரண்டு ‘என்’ சேர்த்தால் ஒவ்வொரு உறுப்பின் அடையாள எண்ணும் வரும். 1050 டிஐ என்றால் 10டிஇ:1சி82. இந்த மாணவரின் கார்டு காட்டியது 10டிஇ:1244, அதாவது 550 டிஐ. இன்னும் உறுதியாக வேண்டுமென்றால் நூவோவின் பதிவைப் பாருங்கள். அது பயாஸில் எழுதிய பெயரை நம்பாமல் சில்லையே கேட்கும். சூடோவோடு (நிர்வாகி உரிமையோடு) ‘டிஎம்இஎஸ்ஜி’ கட்டளையை ஓட்டி நூவோ வரிகளைத் தேடினால், அசலில் ஜிபி107 என்று இருக்கும். ஜிஎஃப் என்று தொடங்கினால் பேச்சே வேண்டாம், அது ஃபெர்மி.

வாங்குவதற்கு முன்பே இதைச் செய்வதுதான் நல்லது. நிறுவாமலே ஓடும் உபுண்டு லைவ் யூஎஸ்பி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கடைக் கணினியில் ஓட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலை. தொடக்கப் பட்டியலில் ‘சேஃப் கிராஃபிக்ஸ்’ வரியைத் தேர்ந்துவிடாதீர்கள். அதில் நோமோட்செட் இருப்பதால் நூவோ ஏறாது, சில்லின் பெயரும் வராது. கண்ணாலேயே பிடிக்க ஒரு வழியும் உண்டு. 1050 டிஐ சில்லிலிருந்து அனலாக் சிக்னல் வராது. நீல நிற விஜிஏ துளை இருக்கும் ‘1050 டிஐ’யைத் தொடவே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில், நூவோ ஏறும் லைவ் யூஎஸ்பியில் அந்தக் கட்டளைகளை ஓட்டி, வெளியீட்டைக் கோப்பாகச் சேமித்து, கார்டையும் பெட்டியையும் படம் எடுத்து வையுங்கள். ஹீட்சிங்கைக் கழற்றாதீர்கள், கடைக்காரருக்கு அது நல்ல சாக்காகிவிடும். பிறகு கிரப் கோப்பில் நோமோட்செட்டை நீக்கி, ‘அப்டேட்-கிரப்’ ஓட்டி, என்விடியா பொதிகளை முழுதாக அகற்றி மறுதொடக்கம் செய்தால் நூவோவில் திரையாவது ஒழுங்காக வரும்.

பணத்தைத் திருப்பித் தர மறுத்தால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் வழக்குப் பதியலாம். கட்டணம் 5 வெள்ளி, கோரிக்கை 50,000 வெள்ளி வரை, கால எல்லை 3 ஆண்டு. வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் ரசீதில் வெறும் ‘கிராஃபிக் கார்டு’ என்றிருந்தால் வாதாடுவது சிரமம். காசை நீட்டுவதற்கு முன், ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ 4 ஜிபி’ என்று முழுப் பெயரையும் அதில் எழுதி வாங்குங்கள்.