காப்பி க்யூ: எந்த ஃபைல் மேனேஜரை நம்பித் தூங்கப் போகலாம்?

ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் மூன்று பெரிய ஃபோல்டர்களை அடுத்தடுத்து இழுத்துப் போடுங்கள். விண்டோஸோடு வரும் ஃபைல் மேனேஜரான எக்ஸ்ப்ளோரர் மூன்றையும் ஒரே நேரத்தில் ஆரம்பித்துவிடும். 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது காப்பிகளையெல்லாம் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்து, வேக வரைபடமும் பாஸ் பட்டனும் கொடுத்தார்கள். ‘இது முடிந்ததும் அது’ என்று வரிசை, அதாவது க்யூ, போடத்தான் இன்னும் வழியில்லை. இரண்டை நாமே நிறுத்திவைத்து, முதலாவது முடிகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

வரிசை எதற்கு, எல்லாம் ஒன்றாக ஓடினால் சீக்கிரம் முடியாதா என்று கேட்பவர்கள் உண்டு. சுழலும் டிஸ்க்கில் முடியாது. நிமிடத்துக்கு 7200 முறை சுற்றும் டிஸ்க்கில், வேண்டிய இடம் படித்து எழுதும் முனையான ஹெட்டின் கீழே வர சராசரியாக அரைச் சுற்று வேண்டும்; அதற்கு 4 மில்லி விநாடிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். ஹெட் வேறோர் இடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லி விநாடி. நொடிக்கு 150 எம்பி எழுதும் டிஸ்க் என்றால், ஒவ்வொரு தாவலிலும் கிட்டத்தட்ட 2 எம்பி எழுதும் நேரம் வீண். மூன்று காப்பிகள் போட்டிபோட்டால் இந்தத் தாவல் ஓயவே ஓயாது. எழுதிய ஃபைல்களும் துண்டு துண்டாகச் சிதறும். சுழலும் தட்டு இல்லாத எஸ்எஸ்டியில் ஹெட்டே இல்லாததால் இந்தக் கவலை பெரிதாக இல்லை. அங்கே வரிசை வேகத்துக்காக அல்ல, ஒழுங்குக்காக.

இனி ஒப்பீடு. ‘க்யூ இருக்கிறது’ என்று பல மென்பொருள்கள் சொல்லிக்கொள்கின்றன. அது இருந்தால் மட்டும் போதாது. நடுவில் ஒரு கேள்வி முளைத்தால் க்யூ என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நான் மதிப்பெண் போடுவேன். இரவு பத்து வேலைகளை வரிசையில் விட்டுவிட்டுப் படுத்து, காலையில் வந்து பார்த்தால் இரண்டாவது வேலையிலேயே ‘இந்த ஃபைல் ஏற்கெனவே இருக்கிறது, மேலெழுதவா?’ என்று ஒரு பெட்டி நிற்கும். அதற்குப் பின்னால் எட்டு வேலைகள் தொடங்காமலே கிடக்கும். அப்படிப்பட்ட க்யூவுக்கும் எக்ஸ்ப்ளோரருக்கும் பெரிய வித்தியாசமில்லை.

இந்தக் கணக்கில் டோட்டல் கமாண்டர் நன்றாகவே தேறுகிறது. கிறிஸ்டியன் கிஸ்லர் 1993-இல் விண்டோஸ் கமாண்டர் என்ற பெயரில் வெளியிட்டது. தோற்றமும் ஏறக்குறைய அந்தக் காலத்திலேயே நிற்கிறது. எஃப்5 அழுத்தினால் காப்பி பெட்டி வரும், அங்கேயே எஃப்2 அழுத்தினால் வேலை பின்னணி வரிசைக்குப் போய்விடும். விஷயம் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது: ஒரே பெயரில் ஃபைல் இருந்தால் மேலெழுதவா, விட்டுவிடவா, பழையதாக இருந்தால் மட்டும் மாற்றவா என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடுராத்திரியில் கேட்க ஒன்றுமிருக்காது. முதலில் பயன்படுத்திப் பார்த்துப் பிறகு வாங்கும் ஷேர்வேர் என்பதால் வாங்கும்வரை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் எண் பட்டனை அழுத்தச் சொல்லும், அவ்வளவுதான்.

டபுள் கமாண்டர் அதே வழியில் வந்த திறமூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். இதை நான் ஒரு படி மேலே வைப்பேன், ஏனென்றால் இதில் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகள் உண்டு. ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் வேலைகள் முதல் வரிசையில், பென் டிரைவுக்குப் போகிறவை இரண்டாவதில் என்று பிரித்துவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று காக்கவைக்காது. ஃபைல் இருந்தால் என்ன செய்வது, ஃபோல்டர் இருந்தால் என்ன செய்வது என்று தனித்தனியாகக் கேட்கிறது. அந்தப் பதிலை நிரந்தரமாகவும் சேமிக்கலாம். இடைமுகம் ஆங்காங்கே கரடுமுரடு. பழகிவிடும்.

டைரக்டரி ஓபஸ் இன்னொரு ரகம். 1990-இல் அமிகா கணினிக்காகப் பிறந்து, பிறகு விண்டோஸுக்குக் குடிபெயர்ந்தது. எந்த டிரைவில் வேலை நடக்கிறது என்று பார்த்துத் தானே வரிசைப்படுத்தும். எஃப்2 மாதிரி எதையும் நினைவில் வைக்க வேண்டாம். காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். காப்பி க்யூ ஒன்றுக்காக மட்டும் இதை வாங்குவது அதிகப்படி. நாள் முழுக்க ஃபைல்களோடு மல்லாடும் வேலை என்றால் கணக்கு வேறு.

டோட்டல் கமாண்டர் மாதிரி இரண்டு ஃபோல்டர்களைப் பக்கம்பக்கமாகக் காட்டும் இரண்டு பலகை இடைமுகமே பிடிக்காதவர்கள் எக்ஸ்ப்ளோரரை விடாமல் அதோடு டெராகாப்பியை ஒட்டிக்கொள்ளலாம். அது ஃபைல் மேனேஜர் அல்ல, காப்பி வேலையை மட்டும் பிடுங்கிக்கொள்ளும். படிக்க முடியாத ஃபைல் வந்தால் மொத்தத்தையும் நிறுத்தாமல் அதைத் தாண்டிப் போய், தோற்றவற்றைப் பட்டியலில் காட்டும். அவற்றை மட்டும் திரும்ப ஓட்டலாம். பழைய டிஸ்க்கிலிருந்து படங்களை மீட்கும்போது இந்த ஒரு குணத்துக்காகவே இதைத்தான் எடுப்பேன்.

லினக்ஸில் நிலைமை கலவை. க்னோம் டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான ‘ஃபைல்ஸ்’ எல்லாவற்றையும் இணையாகவே ஓட்டுகிறது. நெமோ என்ற ஃபைல் மேனேஜர் இரண்டாவது காப்பியைத் தானாகவே காத்திருக்கச் செய்யும், அவசரமென்றால் ‘இப்போதே தொடங்கு’ என்று தள்ளிவிடலாம். எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான துனாரில் இந்த வசதி எக்ஸ்எஃப்சிஇ 4.16-உடன், அதாவது 2020 டிசம்பரில் வந்தது. எப்போதும் இணையாக, எப்போதும் வரிசையாக என்ற இரு கோடிகளுக்கு நடுவில் சாதனத்தைப் பார்த்து முடிவெடுக்கும் அமைப்பும் அதில் உண்டு. கேடிஇ டெஸ்க்டாப் பயன்படுத்துபவர்களுக்கு க்ரூஸேடர் என்ற ஃபைல் மேனேஜர் இருக்கிறது.

லினக்ஸில் பென் டிரைவுக்கு எழுதும்போது இன்னொரு வம்பு. முன்னேற்றப் பட்டை 100 சதவீதம் காட்டும், விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். தரவு இன்னும் ரேமில்தான் கிடக்கிறது. லினக்ஸின் மையமான கர்னல் மெதுவாக எழுதிக்கொண்டிருக்கிறது. வரிசையில் அடுத்த வேலை இதற்குள் தொடங்கிவிடுவதால் முந்தையது முடியாமலே இரண்டும் மோதும். எந்த ஃபைல் மேனேஜரை எடுத்தாலும் பெரும்பாலும் இது இருக்கும். பாதுகாப்பாக எஜெக்ட் செய்து, அது முடிந்தது என்று சொன்ன பிறகே பிடுங்குங்கள்.

காப்பிக்குப் பின் சரிபார்க்கும் வசதி டோட்டல் கமாண்டர், டபுள் கமாண்டர், டெராகாப்பி மூன்றிலும் இருக்கிறது. நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால் இழந்தால் திரும்பக் கிடைக்காத தரவுக்கு மட்டும் போடுவேன். அப்போதும், இப்போதுதான் எழுதிய சிறிய ஃபைல் டிஸ்க்கிலிருந்து அல்லாமல் ரேமில் தங்கியிருக்கும் நகலான கேஷிலிருந்தே திரும்பப் படிக்கப்படலாம்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பெரிய வேலையை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு பென் டிரைவை எஃப்ஏடி32 என்ற பழைய ஃபைல் முறையில் ஃபார்மேட் செய்து, 4 ஜிபிக்கு மேலான ஒரு ஃபைலை முதல் வேலையாகவும் நாலு சின்னப் படங்களை இரண்டாவதாகவும் வரிசையில் விடுங்கள். அந்தப் பெரிய ஃபைல் அதில் ஏறவே ஏறாது. பிழைச் செய்தி வந்த பிறகு எதையும் தொடாமல் ஐந்து நிமிடம் விட்டு, படங்கள் போய்ச் சேர்ந்தனவா என்று பாருங்கள்.